காலடியால் நாட்டை அளந்த வாத்தியார்



நிலவரைபடத்தில் சம உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்துச் சரிவு, விலகியிருந்தால் சமவெளி என்று படிக்கிறோம். ஆளே இல்லாத இடங்களின் உயரத்தை முதலில் யார் போய் அளந்திருப்பார்கள் என்று நான் யோசித்ததுண்டு. அப்படி அளந்தவர்தான் நைன் சிங் ராவத்.

இவர் 1830-ல் இன்றைய உத்தரகண்டில் உள்ள மிலாம் என்ற மலைக் கிராமத்தில் பிறந்தார். பள்ளி வாத்தியாராக இருந்ததால் ‘பண்டிட்’ என்று அழைத்தார்கள். 1802-ல் நம் பரங்கிமலை அருகே ஆரம்பித்த நில அளவை, இமயமலை வரை போய் நின்றுவிட்டது. அப்பால் திபெத். வெளியாள் நுழைந்து மாட்டிக்கொண்டால் உயிர் தப்பாது. அதனால் வெள்ளைக்கார அதிகாரிகள் 1863-ல் இவரைச் சேர்த்து டேராடூனில் பயிற்சி கொடுத்தார்கள்.

என்ன பயிற்சி தெரியுமா? மேடோ பள்ளமோ, ஒவ்வொரு காலடியும் ஒரே அளவாக நடக்க வேண்டும்! 100 காலடிக்கு ஒரு ஜெபமணி தள்ளுவார். மாலையில் 108-க்குப் பதில் 100 மணிதான். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சுற்றுக்கு 10,000 காலடி, சுமார் 8 கிலோமீட்டர். அடேங்கப்பா! ஜெபச் சக்கரத்துக்குள் மந்திரம் இருக்காது, குறிப்புத்தாள் இருக்கும். உயரம் அறியத் தண்ணீரைக் கொதிக்கவைத்து தெர்மாமீட்டர் வைப்பார். மேலே போகப் போகக் குறைந்த வெப்பத்திலேயே தண்ணீர் கொதித்துவிடும் அல்லவா?

வியாபாரி வேஷத்தில் 1866 ஜனவரியில் லாசா போய்ச் சேர்ந்தார். காசு தீர்ந்ததும் அங்குள்ள வியாபாரிகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். ஒருவரை ஊரார் முன் கொன்றதைப் பார்த்ததும் பயந்துபோய் வீடு மாறினார். ஆனால் அளப்பதை மட்டும் விடவில்லை.

1874-ல் லே நகரிலிருந்து மறுபடி கிளம்பினார். செம்மறி ஆடுகள் மேல் மூட்டை ஏற்றி, சாங்தாங் என்ற குளிர்ப் பாலைவனத்தைக் கடந்தார். 14,000 அடிக்கு மேலே, மரமே கிடையாது. வழியில் கண்ட ஏரிகளையும் மலைகளையும் குறித்துக்கொண்டே 1875-ல் அஸ்ஸாம் வந்து இறங்கினார்.

ரகசியத்துக்காக முதலில் இவர் பெயரை வெளியிடவே இல்லை. 1877-ல் லண்டன் ராயல் புவியியல் கழகம் தங்கப் பதக்கம் கொடுத்தது. 2004-ல் நம் அரசு தபால்தலை வெளியிட்டது.

அட்லஸை விரித்து லே, லாசா இரண்டையும் தேடி, நடுவில் விரலை ஓட்டிப் பாருங்க. நமக்கு ஒரு சாண்கூட இருக்காது. அவ்வளவும் ஒரு வாத்தியார் எண்ணி எண்ணி நடந்த வழி.