நூறு மீற்றரைத் தாண்டிய வீரர்

உறைபனியைக் கண்ணாற் கண்டறியாத நாட்டினன் நான். ஆயினும், பனிச்சரிவிற் சறுக்கி வந்து மேடையின் விளிம்பிலிருந்து வெற்றுவெளியிற் பாயும் வீரரின் படத்தைக் காணுந்தோறும் என் நெஞ்சு ஒருகணம் திடுக்கிடுகின்றது. அவ்வீரருள் ஒருவரின் வரலாற்றை மாணவர்க்குக் கூறப் புகுந்து, இடையிலே சொல்லிழந்து நின்றேன். அவர் பெயர் யோசெப் பிராடில்.

1918 ஆம் ஆண்டு ஜேர்மனியின் பவாரியாப் பகுதியிற் பிறந்த பிராடில், ஒஸ்திரியாவின் சால்ஸ்பூர்க் மலைநாட்டிலுள்ள மியூல்பாக் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். ஊரைச் சூழ்ந்த பனிச்சரிவுகளே அவருக்குப் பயிற்சிக்களமாயின.

1936 மார்ச் 15 ஆம் நாள், அன்று யூகோஸ்லாவியாவிலும் இன்று சுலோவேனியாவிலும் அடங்கும் பிளானிட்சாவில் அவர் பாய்ந்தார். விளையாட்டின் தலைவர்கள் அத்தகைய பெருமேடைகளை ஐயத்துடன் நோக்கிய காலம் அது. அளவு நாடா காட்டிய தூரம் 101.5 மீற்றர். பனிச்சறுக்குப் பாய்ச்சலில் நூறு மீற்றர் எல்லையை முதன்முதலிற் கடந்த மனிதருக்கு அப்போது வயது 18. இரண்டாண்டுகளின் பின் அதே இடத்தில் 107 மீற்றரை எட்டினார்.

ஆனால் அந்த 1938 மார்ச்சிலேதான் ஹிட்லரின் படை ஒஸ்திரியாவினுள் நுழைந்தது. தாய்நாட்டின் பெயரே தேசப்படத்திலிருந்து மறைந்தது. 1939 பெப்ரவரியிற் போலந்தின் சக்கோபானே நகரில் உலக வீரராக முடிசூடிய பிராடில், ஜேர்மனியின் வீரராகவே நின்றார். ஏழே மாதங்களில் அக்கொடிக்குரிய படைகள் அதே போலந்தைத் தாக்கின. அவ்வெற்றி எந்த நாட்டினது என்று மாணவனொருவன் வினவியபோதே நான் வாயடைத்துப் போனேன்.

சக்கோபானேயில் இரண்டாமிடம் பெற்றவர் நோர்வே வீரர் பிர்கர் ரூட். 1932, 1936 ஆகிய ஈர் ஒலிம்பிக்குகளிலும் பொற்பதக்கம் வென்ற அவர், தம் நாட்டை ஜேர்மனியர் கைப்பற்றியபின் அவர்களுக்கு இணங்க மறுத்துச் சிறைப்பட்டார். விடுதலை பெற்று, 1948 இல், தமது 36 ஆவது வயதில், மீண்டும் ஒலிம்பிக்கிற் பாய்ந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஒரே களத்தில் முதலிரு இடங்களைப் பெற்ற இருவரையும் போர் வெவ்வேறு பாதைகளிற் செலுத்தியது.

பிராடிலின் ஆற்றல் போருடன் ஒடுங்கவில்லை. ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் இணைந்து நடத்தும் நான்கு மேடைப் போட்டி 1953 இல் முதன்முறை நிகழ்ந்தபோது, 35 வயதினரான அவரே வாகை சூடினார். இம்முறை ஒஸ்திரியாவின் பெயரால். பின்னர் இளைஞரைப் பயிற்றுவித்து, 1982 இல் மறைந்தார். இன்றைய வீரர் 250 மீற்றரையும் கடக்கின்றனர். எனினும் நூறென்னும் வாயிலை முதலில் திறந்தவர் அவரே.

அம்மாணவனுக்கு நான் பின்னர் கூறிய விடை இதுவே. பாய்ந்த தூரம் பிராடிலுக்கே உரியது. அதனை எவரும் அவரிடமிருந்து பறித்தல் தகாது. எந்தக் கொடியின் கீழ்ப் பாய்ந்தார் என்பதும் அவர் வரலாற்றின் பகுதியே. அதனை மறைத்தலும் தகாது. ஒன்றைப் போற்றுதற்காக மற்றொன்றை விழுங்கும் ஆசிரியன், மாணவனுக்கு அரைவரலாற்றையே அளிப்பவனாவான். ரூட்டின் பெயரையும் சேர்த்தே அன்று கரும்பலகையில் எழுதினேன்.