கத்தரீனா அம்மையாரின் விருந்தோம்பல்

மாட்டின் லூதரின் பெருமையைப் பேசும்போதெல்லாம் அவருடைய மனைவி கத்தரீனாவையே நான் நினைப்பதுண்டு. 1523இல் கன்னியர் மடத்தைவிட்டு வெளியேறிய அவ்வம்மையார், 1525இல் லூதரை மணந்து, விற்றன்பேர்க் நகரிலிருந்த பழைய துறவிமடத்தில் இல்லறம் நடத்தினார். கட்டணம் செலுத்திய மாணவரோடு, புகலிடம் தேடியோரும் உறவினரின் அநாதைக் குழந்தைகளும் அங்கு உண்டு உறங்கினர். 1527இல் கொள்ளைநோய் பரவியபோது நோயாளரையும் அவ்வீடு ஏற்றது. லூதரோ வாரி வழங்குபவர். தோட்டமிட்டும் மாடு வளர்த்தும் செலவுக்கு வழிகண்டவர் அம்மையாரே. உணவு மேசையில் லூதர் பேசியவற்றை மாணவர் எழுதி வைத்தனர். 1566இல் அவை நூலாயின.

1546இல் லூதர் மறைந்தபின் போர் மூண்டது. பலருக்குப் புகலிடம் அளித்தவர், தாமே புகலிடம் தேடி ஓடினார். 1552இல் கொள்ளைநோய்க்கு அஞ்சிப் பிள்ளைகளுடன் புறப்பட்டவர், வழியில் வண்டி விபத்திற் காயமுற்று, தோர்காவு நகரில் உயிர்நீத்தார். அந்நூலைப் போற்றுவோர், அம்மேசையில் உணவு படைத்தவரையும் போற்றுதல் கடன் என்பேன்.