கல் தச்சர் கண்ட கோப்பை

பெர்கஸ் சூட்டர் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த கல் தச்சர். 1878-ல் பிழைப்புத் தேடி இங்கிலாந்தின் டார்வென் என்ற ஆலை நகருக்கு வந்தார். விரைவில் உளியை வைத்துவிட்டு உள்ளூர்க் கால்பந்துக் குழுவே கதி என்றானார்.

1879-ல் இங்கிலாந்துக் கோப்பைக் கால் இறுதியில், ஈட்டன் பள்ளியில் படித்த சீமான்களின் குழுவை டார்வென் சந்தித்தது. 5–1 எனப் பின்தங்கியும் 5–5 எனச் சமன் செய்தது. மறு ஆட்டங்களும் லண்டனில்தான். பயணச் செலவுக்கு ஊரார் நிதி திரட்டினர். அடுத்தது 2–2, மூன்றாவதில் 6–2 எனத் தோல்வி.

ஆட்டத்துக்குக் கூலி வாங்குவது அன்று விதிக்குப் புறம்பு. 1880-ல் சூட்டர் அண்டை ஊரின் பிளாக்பர்ன் ரோவர்ஸுக்கு மாறியதும், பணத்துக்காகப் போனார் என்று டார்வென் கொதித்தது. 1884, 1885, 1886 மூன்றாண்டும் ரோவர்ஸுடன் கோப்பை வென்றார். இடையே, 1885-ல் ஆட்டக் கூலி அனுமதிக்கப்பட்டது. 1916-ல் சூட்டர் மறைந்தார். உழைப்பாளியின் விளையாட்டும் உழைப்பே என்பதை உலகம் ஏற்க வழி திறந்தவர்களில் அவரும் ஒருவர்.