பிளேக் நோயும் ரமணரும் குரங்கு ராஜாவும்!

அது 1905-ம் ஆண்டு. திருவண்ணாமலை ஊரே காலி!

வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஜனங்களில் பெரும்பாலோர் மூட்டை முடிச்சுகளுடன் வெளியேறிவிட்டார்கள். காரணம், பிளேக்!

அப்போது மலைமேல் விரூபாட்ச குகையில் ஒரு வாலிபத் துறவி இருந்தார். வயது 25. கோவணம்தான் உடை. பிராமண சுவாமி என்று ஊரார் அழைத்தார்கள். ரமணர் என்ற பெயர் அவருக்கு அப்போது இல்லை. அது 1907-ல் கணபதி சாஸ்திரிகள் சூட்டிய பெயர்.

அவரும் குகையை விட்டு இறங்கினார். ஆனால் வெளியூர் போகவில்லை. மலையின் வடகிழக்கு அடிவாரத்தில் இருக்கும் பச்சையம்மன் கோவிலுக்குப் போனார். சுமார் ஆறு மாதம் அங்கேயே தங்கினார். சுற்றிலும் ஒரே காடு. மனித நடமாட்டம் குறைந்ததும், சிறுத்தைகள் பயமின்றி உலாவின.

எலி சொன்ன சேதி

திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-ந் தேதி பிறந்த வேங்கடராமன், 16 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, 1896 செப்டம்பர் 1-ந் தேதி அண்ணாமலை வந்து சேர்ந்தார். அதே 1896-ல்தான் பம்பாய் நகரில் பிளேக் புகுந்தது. பிறகு ஊர் ஊராகப் பரவி லட்சக்கணக்கானவர்களைக் கொன்றது.

கொல்லையிலும் கூரையிலும் எலி செத்து விழுந்தால், அடுத்தது மனிதன்தான். இது பாமர மக்களுக்கும் தெரிந்திருந்தது. எலி விழுந்த வீட்டை விட்டு, வயலில் கொட்டகை போட்டுக் குடியிருப்பார்கள். ஆனால் எலிக்கும் மனிதனுக்கும் நடுவில் நோயைக் கடத்துவது யார்?

அந்தத் திருடனைக் கண்டுபிடித்தவர் சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர். எலியின் உடம்பில் ஒட்டியிருக்கும் தெள்ளுப்பூச்சிதான் அது! எலி செத்து உடம்பு குளிர்ந்ததும், தெள்ளு வேறு ஆளைத் தேடித் தாவுகிறது. 1898-ல் அவர் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1905-ல் பம்பாயில் தொடங்கிய ஆராய்ச்சியில் உண்மை வெளிப்பட்டது. பிளேக் வந்த வீடுகளில் கினிப்பன்றிகளை விட்டுப் பார்த்தார்கள். தரையில் விட்டவை நோயில் விழுந்தன. தெள்ளு தாவ முடியாத உயரத்தில், கூண்டில் தொங்கவிட்டவை பிழைத்தன!

எலியைக் கவனித்தால் நோயை முன்கூட்டியே அறியலாம் என்ற அந்தப் பாடம் வீண் போகவில்லை. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் சந்திக்கும் பகுதியில் எலிகளைப் பிடித்து, அவற்றின் ரத்தத்தையும் தெள்ளுகளையும் சோதிக்கும் வேலை பிற்காலத்திலும் நடந்து வந்திருக்கிறது.

நொண்டி ராஜா

பிளேக் தணிந்தது. சுவாமி குகைக்குத் திரும்பினார்.

அங்கே அவருக்கு அண்டை வீட்டார் குரங்குகளே. அவற்றை அவர் கவனித்தது போல் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எந்தக் கூட்டத்துக்கு எது எல்லை, எது தலைவன், யாருக்கும் யாருக்கும் சண்டை, எப்போது சமாதானம் எல்லாம் அவருக்கு அத்துபடி!

ஒரு நாள், தலைவன் கடித்துக் குதறிய குட்டி ஒன்று குகை அருகே குற்றுயிராகக் கிடந்தது. கால் நொண்டி. அவர் எடுத்து வளர்த்தார். பெயரும் நொண்டிதான். சில நாளில் கூட்டம் வந்து பார்த்தது. மனிதன் கை பட்ட குரங்கைக் கூட்டம் சேர்க்காது என்பார்கள். இந்தக் குட்டி விஷயத்தில் அந்த விதி செல்லவில்லை!

நொண்டி இலையில் சோறு தின்றால் ஒரு பருக்கை சிந்தாது. ஆனால் மகா கோபக்காரன். சூடான பாலை அவர் ஊதி ஆற்றியபோது, தாமதம் பொறுக்காமல் கண்ணருகே அறைந்துவிட்டது! உடனே மன்னிப்புக் கேட்பது போலக் குழைந்ததால் விட்டுவிட்டார். இன்னொரு தரம் பருக்கை சிந்தியதற்குக் கண்டித்தபோது மீண்டும் அடித்தது. இம்முறை தண்டனை உண்டு: சில நாள் மடியில் இடம் இல்லை! கெஞ்சிக் கூத்தாடித்தான் பழைய இடத்தைப் பிடித்தது. பின்னாளில் இதே நொண்டி கூட்டத்துக்கே ராஜா ஆனது!

(கோவில் வாசலில் குரங்குக்குக் கையால் பழம் நீட்டுகிறவர்கள் இதைப் படித்துத் துணிந்துவிட வேண்டாம். குரங்கு கடித்தாலும் பிராண்டினாலும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடி நோய் அதன் மூலமும் வரலாம்.)

பாம்பையும் அடிக்க விடமாட்டார். அவற்றின் இடத்துக்கு நாம் குடி வந்திருக்கிறோம் என்பது அவர் கட்சி.

1916-ல் கந்தாசிரமம் சென்றார். 1922-ல் தாயார் அழகம்மாள் காலமானார். அந்தச் சமாதியைச் சுற்றி அடிவாரத்தில் ரமணாசிரமம் எழுந்தது. பசு, அணில், மயில் எல்லாம் அங்கே சுதந்திரமாகத் திரிந்தன.

1950 ஏப்ரல் 14-ந் தேதி இரவு, 70-வது வயதில் அவர் மறைந்தார். கடைசி வேளையில் மயில் ஒன்று அகவியதாம். அதற்குத் தீனி போட்டாகிவிட்டதா என்று விசாரித்தாராம்.