எடிசன் வாழ்க்கையில் ஒரு நாள்: இரண்டு மின்சப்ளை, ஒரே சுமை!

டர்பைன், கம்ப்ரசர் மாதிரி பெரிய இயந்திரங்களின் அதிர்வைக் கண்காணிக்கும் ரேக்கைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் பெரும்பாலும் இரண்டு பவர் சப்ளை மாட்யூல் இருக்கும். ஒன்று போனாலும் இன்னொன்று மொத்தச் சுமையையும் தாங்கணும். அதனால்தான் கமிஷனிங் செய்யும்போது, வேண்டுமென்றே ஒன்றை அணைத்துப் பார்ப்பார்கள். இரண்டு சப்ளைகளை ஒன்றாக இணைக்கிறது அவ்வளவு சுலபமில்லை என்பதைத் தாமஸ் ஆல்வா எடிசன் பயந்து ஓடும் ஆட்களுக்கு நடுவே நின்று தெரிந்துகொண்டார்.

1847-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், மிலன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு சில மாதங்கள்தான். காது சரியாகக் கேட்காது. ரயிலில் பத்திரிகை விற்றார், பிறகு தந்தி ஆபரேட்டர் ஆனார். 1869-ல் கையில் காசில்லாமல் நியூயார்க் வந்தவர், தங்க விலையைத் தரகர்களுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தின் பேட்டரி அறையில் படுத்துக்கொண்டார். ஒருநாள் அந்த இயந்திரம் நின்றுபோக, தரகர்கள் அனுப்பிய பையன்கள் வாசலில் கூடிவிட்டார்கள். உடைந்த ஒரு ஸ்பிரிங் இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவே விழுந்து கிடப்பதை எடிசன்தான் கண்டுபிடித்தார். வேலையும் கிடைத்தது.

எடிசன் என்றாலே எல்லோருக்கும் பல்புதான் ஞாபகம் வரும். ஆனால் பல்பு எரிய மின்சாரம் வேண்டுமே? டைனமோ, பூமிக்கடியில் கேபிள், ஃபியூஸ், மீட்டர் எல்லாவற்றையும் அவர் குழுவே உருவாக்க வேண்டியிருந்தது. மீட்டர்கூட துத்தநாகத் தகட்டை எடை போட்டுக் கணக்குப் பார்க்கிற ரகம். இதெல்லாம் சேர்ந்து வந்த இடம்தான் நியூயார்க்கின் பேர்ல் தெரு மின் நிலையம்.

அங்கே வைத்த டைனமோக்களின் பெயர் ஜம்போ. அப்போது ஊரெல்லாம் பேசப்பட்ட சர்க்கஸ் யானையின் பெயர் அது. ஒவ்வொன்றும் சுமார் 27 டன், நீராவி இன்ஜினோடு நேரடியாக இணைக்கப்பட்டது. திறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, 1882 கோடையில், இரண்டு ஜம்போக்களை ஒரே லைனில் இணைத்துப் பார்த்தார்கள்.

கட்டடமே ஆடியது!

என்ன ஆச்சு? ஒவ்வொரு இன்ஜினிலும் கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும். வேகம் குறைந்தால் நீராவியைக் கூட்டும், அதிகமானால் குறைக்கும். தனியாக ஓடும்போது பிரச்சினை இல்லை. இரண்டு சேர்ந்ததும், ஒன்று கொஞ்சம் வேகமெடுத்தாலே மொத்தச் சுமையையும் இழுத்துக்கொண்டது. மற்றது மின்சாரம் கொடுப்பதை விட்டுவிட்டு, மோட்டார் மாதிரி மின்சாரத்தை வாங்கிச் சுற்ற ஆரம்பித்தது. அடுத்த நொடி நிலைமை தலைகீழ். ஊஞ்சல் மாதிரி மாறி மாறி இழுபறி. நின்றிருந்தவர்கள் பயந்து வெளியே ஓட, எடிசன் ஒரு இன்ஜினின் நீராவி வால்வைப் பிடித்து மூடினார். அவருடைய கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் இன்னொன்றை.

இரண்டு கவர்னர்களையும் ஒரு தண்டால் பிணைத்துப் பார்த்தார்கள். ஓரளவுக்குத்தான் உதவியது. கடைசியில் இன்ஜினையே வேறு கம்பெனியிலிருந்து வாங்கி மாற்றிய பிறகுதான் ஜம்போக்கள் ஒழுங்காகச் சுமையைப் பகிர்ந்துகொண்டன. அதுவரை திறப்பு விழாவைத் தள்ளிப்போட எடிசன் தயாராக இல்லை. முதலீட்டாளர்களின் பணம், அவர் பெயர் எல்லாமே பணயத்தில் இருந்தன. 1882 செப்டம்பர் 4, மதியம் 3 மணி. பேர்ல் தெருவில் ஒரே ஒரு ஜம்போ ஓடியது. மாற்று இல்லை. எடிசன், வங்கியாளர் ஜே.பி. மோர்கனின் வால் ஸ்ட்ரீட் அலுவலகத்தில் நின்றிருந்தார். சுமார் 400 விளக்குகள் எரிந்தன. நின்றிருந்தால்? தாங்க இன்னொரு சப்ளை கிடையாது. இன்றைய கமிஷனிங் இன்ஜினியர் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்!

நிலையத்துக்குள்ளே கண்காணிப்புக்கும் ஏற்பாடு இருந்தது. வோல்டேஜ் ஏறினால் சிவப்பு விளக்கு, இறங்கினால் நீல விளக்கு. அதைப் பார்த்து ஒரு ஆள் சக்கரத்தைத் திருப்பிச் சரிசெய்வார். இன்றைய ரேக்கில் மாட்யூலின் முகப்பில் மின்னும் எல்இடிக்கு அதைத் தாத்தா என்று சொல்லலாம்.

1890 ஜனவரியில் தீ விபத்து பேர்ல் தெரு நிலையத்தை அழித்தது. எடிசன் அதற்குப் பிறகும் நாற்பது வருடங்களுக்கு மேல் வாழ்ந்து, 1931 அக்டோபர் 18 அன்று, 84 வயதில் மறைந்தார். தீயில் தப்பிய ஒரே டைனமோ, 9-ம் எண் ஜம்போ. அவருடைய நண்பர் ஹென்றி ஃபோர்டு மிச்சிகனில் உருவாக்கிய அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது.