ஹம்போல்ட் பெருமகனாரும் காந்த ஊசியும்

நிலத்தைப் பொறுமைக்கு உவமை கூறுதல் நம் முன்னோர் மரபு. அத்தகைய நிலமே ஒரு கணத்தில் நடுங்கி, மாடமும் குடிலும் ஒருங்கே வீழ்த்துமாயின், அக்கேட்டினை முன்னறிவிக்கும் குறி யாதேனும் உண்டோ என மாந்தர் வினவுதல் இயல்பே. அவ்வினாவினைக் காந்த ஊசியிடத்தே கேட்டு, அது தந்த விடையைக் கூட்டாமலும் குறைக்காமலும் உலகிற்கு உரைத்தவர் ஜெர்மானியப் பேரறிஞர் அலெக்ஸாந்தர் வான் ஹம்போல்ட் ஆவர். அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஹம்போல்ட் 1769-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் பெர்லின் நகரிற் பிறந்தார். ஒன்பதாம் வயதில் தந்தையை இழந்தார். அன்னையார் தம் மக்கள் இருவர்க்கும் தக்க ஆசிரியரை அமர்த்திக் கல்வி பயிற்றினார். மூத்தவராகிய வில்ஹெல்ம் மொழிநூற் புலவராய்ப் புகழெய்தினார். இளையவரோ செடி கொடிகளையும் கல்லையும் கனிப்பொருளையும் நாடினார். பிரைபெர்க் நகரத்துச் சுரங்கக் கல்லூரியிற் பயின்று, பிரஷ்ய அரசின் சுரங்க அதிகாரியானார். சுரங்கத் தொழிலாளரின் துன்பம் கண்டு மனமிரங்கி, அவர்க்கென ஒரு பள்ளி நிறுவினார். நச்சுக்காற்றினின்று அவரைக் காக்கும் விளக்கும் மூச்சுக்கருவியும் அமைத்தார். அந்நாளில் மலையொன்றின் பாறைகள் காந்த ஊசியைத் தம்பால் திருப்பக் கண்டு வியந்தார். அவ்வியப்பு அவர் வாழ்நாள் முழுதும் நீங்கிற்றிலது.

1796-இல் அன்னையார் மறைந்தார். தமக்குக் கிடைத்த செல்வத்தைப் போகத்திற் செலவிடாது, அறிவுப் பயணத்திற்கே ஒதுக்கினார் ஹம்போல்ட். 1799 ஜூன் 5-ஆம் நாள், போன்பிளான் என்னும் பிரெஞ்சுத் தாவரநூல் அறிஞருடன் ஸ்பெயின் நாட்டினின்று கப்பலேறி, ஜூலை 16-இல் தென்னமெரிக்காவின் கூமனாப் பட்டினத்தை அடைந்தார். அப்பட்டினம் 1797-இல் நேர்ந்த பூகம்பத்தாற் பெரும்பகுதி அழிந்து, அப்பொழுதுதான் மீண்டும் எழுந்துகொண்டிருந்தது.

அவ்வாண்டு நவம்பர் 4-ஆம் நாள் மாலை, அங்கே நிலம் மீண்டும் அதிர்ந்தது. மேசைமேற் குனிந்து செடிகளை ஆராய்ந்துகொண்டிருந்த போன்பிளான் தரையில் வீழ இருந்தார். இரவு ஒன்பது மணியளவில் நிலத்தடி முழக்கத்துடன் மற்றோர் அதிர்ச்சி உண்டாயிற்று. மக்கள் அஞ்சி நடுங்கினர். ஹம்போல்ட் தம் கருவிகளை நாடினார்.

காந்த ஊசி மூன்று செய்திகளைத் தெரிவிக்க வல்லது. நேர் வடக்கினின்று எத்துணை விலகி நிற்கின்றது என்பது ஒன்று. கிடைமட்டத்தினின்று எத்துணை கீழ்நோக்கிச் சாய்கின்றது என்பது மற்றொன்று. அசைத்துவிட்டாற் குறித்த நேரத்தில் எத்தனை முறை ஊசலாடுகின்றது என்பதனால் அறியப்படும் காந்த வலிமை மூன்றாவது. கூமனாவில் விலகலும் வலிமையும் மாறவில்லை. சாய்வு மட்டும், நடுக்கத்திற்கு முன் அளந்ததைவிட ஏறத்தாழ 48 கலை குறைந்திருந்தது. பாகை ஒன்றுக்குக் கலை அறுபது. ஆகவே இது சிறு வேறுபாடு அன்று. கணக்கிற் பிழையும் காணப்பட்டிலது.

பூகம்பத்தின் மறை வெளிப்பட்டது எனப் பறைசாற்றுதற்கு வேறொருவர்க்கு இதுவே போதியதாய் இருந்திருக்கும். ஹம்போல்ட் அங்ஙனம் செய்திலர். மாறுதல் நடுக்கத்திற்கு முன் நிகழ்ந்ததோ பின் நிகழ்ந்ததோ என்பதற்கு அவரிடம் சான்றில்லை. மேலும், ஓர் ஏட்டில் மட்டும் கண்ட பாடத்தை ஏனைய ஏடுகளோடு ஒப்பிட்டுப் பாராது கொள்ளுதல் நற்புலவர்க்கு முறையன்று. நில அதிர்ச்சி மிக்க கீட்டோ மேட்டுநிலத்தும் லீமா நகரத்தும் அவர் ஊசியை மீண்டும் மீண்டும் அளந்தார். நடுக்கங்கள் பல வந்தன. ஊசியோ சிறிதும் மாறாது நின்றது. 1845-இல் முதற்பகுதி வெளிவந்த காஸ்மாஸ் என்னும் பெருநூலில், கூமனாவிற் கண்ட மாறுதலையும் பிறவிடங்களிற் காணாமையையும் அருகருகே வைத்து எழுதினார்.

1812 மார்ச் 26-ஆம் நாள், பெரிய வியாழக்கிழமையன்று, காரகாஸ் நகரத்து ஆலயங்களில் மக்கள் கூடியிருந்தபொழுது நிலம் அதிர்ந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அது ஹம்போல்ட் இரண்டு திங்கள் அளவு தங்கி, நண்பர் பலரைப் பெற்ற நகரம். அவர் ஐரோப்பாவிலிருந்தவாறே அச்செய்திகளைத் திரட்டி எழுதினார். முன்னறிவிப்பு ஒன்று வேண்டும் என்னும் ஆவல் அவரினும் மிகுதியாக யார்க்கு இருந்திருக்கும்? ஆயினும், அவ்வாவல் தம் கணக்கேட்டினுட் புகாதவாறு அவர் காத்தார்.

பயணத்தால் வேறு பயன் விளைந்தது. காந்த வலிமை நடுக்கோட்டுப் பக்கத்தினின்று துருவங்களை நோக்கி வளர்கின்றது என நிறுவினார். பெர்லினில் 1806 டிசம்பர் 20-ஆம் நாள் இரவு, வடதிசை வானிற் சோதி தோன்ற, ஊசி நிலைகொள்ளாது அலைந்தது. அத்தகைய நிகழ்ச்சிக்குக் காந்தப் புயல் எனப் பெயரிட்டவர் அவரே. ஆகவே, ஊசியை அசைப்பது நிலம் மட்டுமன்று, வானும் அசைக்கும். அப்புயல்கள் ஞாயிற்றின் கிளர்ச்சியால் வருவன எனப் பின்னோர் கண்டனர்.

ஓரிடத்து ஊசியால் உண்மை தெளியாது எனக் கண்ட அவர், உலகெங்கும் ஒரே நேரத்தில் அளத்தல் வேண்டும் என வற்புறுத்தி, 1836-இல் லண்டன் ராயல் சங்கத் தலைவர்க்கு எழுதினார். அக்கடிதமும் பிறர் முயற்சியும் கூடியதன் பயனாக, 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளிற் சிம்லா, பம்பாய், சிங்கப்பூர் ஆகிய இடங்களிலும் நம் சென்னையிலும் காந்த ஆய்வு தொடங்கிற்று.

அவர் எழுப்பிய வினா இன்னும் முடிந்திலது. பாறை அழுத்தம் பெறுங்கால் அதன் காந்தத் தன்மை சிறிது மாறும் என்பது ஆய்வுக்கூடத்திற் கண்ட உண்மை. ஆதலின் நம்பிக்கை வீணன்று. 1989 அக்டோபர் 17-இல் கலிபோர்னியாவின் லோமா பிரீட்டாவில் நேர்ந்த பூகம்பத்திற்கு ஏறத்தாழ 12 நாட்கள் முன்னரே அருகிலிருந்த கருவியொன்றிற் காந்த அசைவு மிகுந்ததெனவும், கடைசி மூன்று மணி நேரத்தில் மேலும் பெருகிற்றெனவும் கூறப்பட்டது. 2009-இல் அப்பதிவைப் பிற நிலையங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டோர், அது கருவியின் கோளாறாக இருத்தல் கூடும் என முடிவு கூறினர். கருவிகள் செறிந்த பார்க்பீல்டில் 2004-இல் நிலம் அதிர்ந்தபொழுதும் தெளிவான முன்குறி காணப்பட்டிலது.

ஹம்போல்ட் மணஞ்செய்யாது, தம் செல்வத்தைப் பயணத்திலும் நூல் வெளியீட்டிலும் செலவிட்டு, 1859 மே 6-ஆம் நாள் 89-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். பொய்யான முன்னறிவிப்பு ஓர் ஊரை வீணே வெருட்டும்; மறுமுறை மெய்யே வரினும் அவ்வூர் செவிசாயாது. இதனை எண்ணுங்கால், கண்டதனைக் கண்டவாறும், காணாததனைக் காணவில்லை என்றும் எழுதிய அப்பெரியாரின் நேர்மை உயிர்காக்கும் அறமே என்பது விளங்கும். ஆய்வுக்கூடத்திற் கருவி பயில்வோரும் நம்போல் ஏடு பயில்வோரும் அவ்வறத்தைக் கடைப்பிடிப்போமாக!