எழுபதாம் புள்ளி

விடைத்தாள் திருத்திப் பழகியவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். தொண்ணூற்றெட்டுப் புள்ளி இடுவதிலே கைக்குத் தயக்கமில்லை. நூறு இடும்போதுதான் பேனை சற்று நிற்கும். குறை இன்னதென்று காட்டுவதிலும், குறை ஒன்றுமே இல்லை என்று கூறுவது கடினமான தீர்ப்பாகும். அமெரிக்க நாட்டிலே நாணயங்களுக்குப் புள்ளியிடுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் உள்ளன. அங்கே முழுப் புள்ளி எழுபது. அந்த எழுபதை அவை நியாயமாகத்தான் வழங்குகின்றனவா என்ற வழக்கு நாணயம் சேர்ப்போரிடையே ஓயாது நடந்துவருகிறது. எழுபது என்னும் எண் எங்கிருந்து வந்தது என்று தேடப் புகுந்த நான், ஒரு மனிதரின் வாழ்க்கையிலே வந்து நின்றேன். அவ்வழக்குக்குரிய தீர்ப்பின் பெரும் பகுதி அவ்வாழ்க்கையிலேயே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அவர் பெயர் வில்லியம் ஹேபேட் ஷெல்டன். 1898ஆம் ஆண்டு றோட் ஐலண்ட் மாநிலத்திலே வோரிக் என்னும் ஊரிற் பிறந்தார். சிக்காகோப் பல்கலைக்கழகத்திலே உளவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்று, பின்னர் மருத்துவமும் கற்றுத் தேறினார். ஹாவட், கொலம்பியா முதலிய பெரும் பல்கலைக்கழகங்களிலே ஆராய்ச்சி நடத்தினார். அறிவும் உழைப்பும் சொல்வன்மையும் ஒருங்கே வாய்ந்தவர் என்பதிலே ஐயமில்லை.

உலகம் அவரை முதலில் அறிந்தது மனித உடலை அளந்தவராகவே. கல்லூரி மாணவர் நாலாயிரம் பேரின் நிழற்படங்களை ஆராய்ந்து 1940இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். உருண்டு கொழுத்த தன்மை, தசை திரண்ட தன்மை, மெலிந்து நீண்ட தன்மை ஆகிய மூன்று கூறுகளும் எவ்வுடலிலும் உள்ளன என்றும், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளி இடலாம் என்றும் அதிலே வகுத்துக் காட்டினார். தசைத் திரட்சி ஒன்றே முற்றாக மேலோங்கிய உடல் 1-7-1 எனப்படும். 1942இல் வந்த அடுத்த நூலிலே, உடலின் வகையைக் கொண்டே மனத்தின் இயல்பையும் அறியலாம் என்றார். இப்பிற்கூற்றைப் பிற்கால உளவியலாளர் ஏற்கவில்லை. அவரோடு பணியாற்றிய பார்பரா ஹீத் என்னும் அம்மையார் 1960களிலே உடலளவு முறையைத் திருத்தியபோது, ஏழு என்ற மேல் எல்லையையே நீக்கிவிட்டார். உடலுக்கு முழுப் புள்ளி என ஒன்று இல்லை என்பதே அத்திருத்தத்தின் பொருளாக எனக்குப் படுகிறது. ஷெல்டனுக்கோ உச்சி தெரிகின்ற அளவுகோலிலேதான் நம்பிக்கை.

மனிதரை அளந்த இவர் காசுகளிலும் தீராத காதல் கொண்டிருந்தார். அமெரிக்க அரசு 1793 முதல் 1857 வரை செம்பிலே பெரிய சதங்களை அடித்து வெளியிட்டது. ஆரம்ப காலத்து அச்சுக்களைக் கம்மியர் கையாலே செதுக்கி முடித்தனர். ஆதலால் அச்சுக்கு அச்சு வேறுபாடு உண்டு. சுதந்திர தேவியின் கூந்தலில் ஓர் இழை விலகியிருக்கும், அல்லது மாலையிலே ஓர் இலை சாய்ந்திருக்கும். 1793 முதல் 1814 வரை வெளிவந்த சதங்களை இத்தகைய வேறுபாடுகளால் வகைபிரித்து எண்ணிட்டு, 1949இல் ஷெல்டன் ஒரு நூல் எழுதினார். 1958இல் அது திருந்திய பதிப்பாக மீண்டும் வந்தது. இன்றும் அச்சதங்களைச் சேர்ப்போர் அவர் இட்ட எண்ணைச் சொல்லியே வகையைக் குறிப்பிடுவர்.

அந்நூலிலேதான் எழுபது பிறந்தது. தேய்ந்து தேய்ந்து வகை மாத்திரம் அடையாளம் தெரிகின்ற சதத்துக்கு 1. அக்கசாலையை விட்டு வந்தபடியே மாசுமறுவின்றி விளங்குவதற்கு 70. நூறு என்று வையாது எழுபது என்று வைத்தமைக்குக் காரணம் சந்தை. 1794ஆம் ஆண்டுச் சதங்களின் அக்கால விலைகளை ஒப்புநோக்கியபோது, மிகச் சிறந்தது மிகத் தாழ்ந்ததைப் போல் ஏறத்தாழ எழுபது மடங்கு விலைபோனதை அவர் கண்டார். ஆகவே கடைநிலை விலையைப் புள்ளியாற் பெருக்கினால் சதத்தின் விலை வரும் என்று விதி வகுத்தார். கடைநிலை விலை 2 டொலர் என்று கொள்வோம். 12 புள்ளிச் சதம் 24 டொலர். 70 புள்ளிச் சதம் 140 டொலர். இதனை வாசகர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். எழுபது என்னும் எண் விலைப்பட்டியலின் பிள்ளை. சில காலத்துள் விலைகள் மாறின. நல்ல சதங்கள் விதியை மீறி விலை ஏறின. பெருக்கற் கணக்குப் பொய்த்தது. கணக்கு மறைந்த பின்னும் எண் மாத்திரம் நிலைத்துவிட்டது.

ஷெல்டன் தம் சதங்களை 1972இல் ஒரு சேகரிப்பாளருக்கு விற்றார். 1977இல் காலமானார். அதே 1977இலே அமெரிக்க நாணயவியலாளர் கழகம் அவருடைய அளவுகோலை அந்நாட்டு நாணயங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக்கி ஒரு நெறிநூல் வெளியிட்டது. செப்புச் சதத்துக்கென வகுத்தது வெள்ளிக்கும் பொன்னுக்கும் உரியதாயிற்று. 1986இலும் 1987இலும் இரு பெரும் தனியார் நிறுவனங்கள் பணி தொடங்கின. கூலி கொடுத்து அனுப்பும் நாணயத்தை அனுபவமுள்ளவர் ஒருவர்க்கு மேற்பட்டோர் பார்த்துப் புள்ளியிடுவர். பின்பு அது புள்ளி பொறித்த பிளாஸ்ரிக் உறையிலே திறக்கவொண்ணாதபடி அடைக்கப்படும். புழக்கத்துக்கு வாராத நாணயங்களுக்கென 60 முதல் 70 வரை பதினொரு படிகள் அமைந்தன.

இம்முறையிலே நன்மை இல்லையென்று நான் கூறமாட்டேன். முன்னே விற்பவனே தன் காசுக்குத் தரம் சொன்னான், வாங்குபவன் ஏமாந்தான். மூன்றாம் மனிதர் ஒருவர் நடுநின்று சொல்வது அதனிலும் மேல். ஆயினும் எழுபதிலே ஒரு சிக்கல் உண்டு. ஐந்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியினூடே பார்த்தாலும் பிற்குறை ஒன்றும் தென்படாததே எழுபது என்பது வரைவிலக்கணம். அறுபத்தொன்பதுக்கும் எழுபதுக்கும் இடையே உள்ளது ஊசிமுனை அளவான ஒரு கீறலாக இருக்கலாம். விளக்கின் சாய்வாகவும் இருக்கலாம். மனிதக் கண் தன் ஆற்றலின் எல்லையைத் தொடுவது அவ்விடத்திலேதான். விலையோ அதே இடத்தில் மிகப் பெரிதாய்த் தாவுகிறது. கண் தளரும் இடத்திலே பணம் குவிந்தால் வழக்கு எழாமல் இருக்குமா? ஒருமுறை குறைந்த புள்ளி பெற்ற நாணயத்தை உறை உடைத்து மறுமுறை அனுப்பிக் கூடிய புள்ளி பெறுவோர் இருக்கின்றனர். 1990இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, அந்நிறுவனங்களுள் ஒன்று தன் புள்ளியீடு மாறுபடாதது, புறநிலையானது என்று மிகைப்படக் கூறுகிறது எனக் குற்றஞ்சாட்டியது. இணக்கத் தீர்வோடு அவ்விடயம் முடிந்தது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இன்று எழுபது பெறுபவை பெரும்பாலும் சேகரிப்போருக்கெனவே அண்மையில் அடிக்கப்பட்டு, மக்கள் கைபடாமல் வந்தவை. எந்தச் சதங்களுக்காக ஷெல்டன் அளவுகோல் செய்தாரோ, அச்சதங்களிடையே எழுபதைக் காண்பது அரிதினும் அரிது.

இனி, கூறக் கசப்பான பகுதிக்கு வருகிறேன். நியூயோர்க் நகரிலே அமெரிக்க நாணயவியற் சங்கம் 1858 முதல் இயங்கிவருகிறது. முன்னே குறித்த கழகம் வேறு, இது வேறு. ஜோர்ஜ் கிளாப் என்ற பெருஞ் சேகரிப்பாளர் தம் செப்புச் சதங்களைத் தம் வாழ்நாளிலேயே அச்சங்கத்துக்கு நன்கொடையாக வழங்கினார். ஷெல்டன் அவற்றை ஆராயும் உரிமை பெற்றிருந்தார். அவர் இறந்து ஆண்டுகள் பல கழிந்தபின், சங்கத்தின் தட்டுக்களிலே இருந்த சதங்கள் கிளாப் வழங்கியவை அல்ல என்ற ஐயம் எழுந்தது. 129 சதங்கள் மாற்றப்பட்டிருந்தன. நல்லதை எடுத்து, அதே வகையிலே தாழ்ந்த ஒன்றை அவ்விடத்தில் வைத்திருக்கிறார்கள். எடுத்தவர் ஷெல்டன் என்றது சங்கம். அவரிடமிருந்து சதங்களை வாங்கியவருக்கும் சங்கத்துக்கும் இடையே எழுந்த வழக்கை 1996இல் கலிபோர்னிய மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆராய்ந்தது. பொருள் யாரிடம் உள்ளது என்று உரியவர் அறிந்த நாளிலிருந்தே வழக்குத் தொடுக்கும் கால எல்லை ஓடத் தொடங்கும் என்று அது தீர்த்தது. இழந்தவற்றுட் பல பின்னர் சங்கத்தை வந்தடைந்தன.

அவர் கொண்டுபோனது எது என்று நான் பலகால் எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையிலே சங்கம் ஒரு சதமும் இழக்கவில்லை, வகையிலும் இழக்கவில்லை. ஒரு புள்ளிக்கும் இன்னொரு புள்ளிக்கும் இடையே உள்ள வித்தியாசம் மாத்திரமே களவு போயிற்று. அவ்வித்தியாசத்துக்கு விலையுண்டு என்று உலகுக்குக் கற்பித்தவரே அதனை எடுத்தார். அவருடைய சொல்லை அந்நாளிலே மறுத்துரைக்க வல்லவர் அரியர். ஆதலால் மாற்றத்தைக் கண்டுகொள்வாரும் இலராயினர்.

அக்களவைக் காட்டிக் கொடுத்தவை பழைய நிழற்படங்கள். மாற்றப்படுவதற்கு முன் எடுத்த படங்களிலே ஒவ்வொரு சதத்தின் தழும்பும் கறையும் பதிந்திருந்தன. படத்தையும் சதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. புள்ளி எழுதிய சீட்டு மாத்திரம் இருந்திருந்தால், தாழ்ந்த சதத்தைக் கண்டவர் முன்னையோர் தாராளமாகப் புள்ளியிட்டார்கள் என்று சொல்லி விட்டிருப்பார்.

எழுபது நியாயமாக வழங்கப்படுகிறதா என்று கேட்போருக்கு என் விடை இதுவே. பெரும்பாலும் நேர்மையாகவே வழங்கப்படுகிறது என்று நம்புவதற்கு இடமுண்டு. ஆனால் அவ்வெண் காட்டுகின்ற அளவு நுட்பம் எந்தக் கண்ணுக்கும் இல்லை. அது ஒரு நாளில், ஒரு விளக்கின் கீழ், தேர்ந்த சிலர் கொண்ட கருத்து. அக்கருத்துக்கு மதிப்பளிப்போம். பெரும்பொருள் கொடுத்து வாங்குபவர் அதனோடு நின்றுவிடலாகாது. உறைமேல் உள்ள எண்ணை வாசிக்குமுன் உள்ளே இருக்கும் நாணயத்தை அவர் தம் கண்ணாற் பார்க்கட்டும். அதன் படத்தைக் கேட்டு வாங்கிப் பேணட்டும். பிறர் வந்து ஒப்புநோக்கக் கூடியதாய் இருக்கும்வரைதான் புள்ளியிட்டவரின் நேர்மைக்கும் சான்று உண்டு.